இருபத்தெட்டு நொடியைக் காணோம்

கடிகாரம் சரியான நேரம் காட்டியதால் ஹேசல் பர்க்கின்ஷாவுக்குக் கொலைவெறி வந்தது.

நாற்பதாவது நாள், புதன்கிழமை, நண்பகல். கப்பலின் கீழ்த்தளத்து அறையில், கையடக்க வானொலியிலிருந்து நேரம் சொல்லும் ஆறு பீப் ஒலிகள் வந்தன. ஆறாவது பீப் விழுந்தபோது அவள் கண் நொடிமுள்ளின் மேல் இருந்தது. முள் பன்னிரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மிஞ்சிப்போனால் அரை நொடி வித்தியாசம்.

"டாண்ணு பன்னண்டு," என்றான் பக்கத்தில் நின்ற பாரி. "அசத்திட்டே கண்ணு. நாற்பது நாள் ஓடியும் ஒரு நொடி பிசகல."

"யார் தொட்டது?" என்றாள் ஹேசல்.

"எதை?"

"பாரி. என் கடிகாரத்தை யார் தொட்டது?"

பாரி படப்பிடிப்புக் குழுவின் சாமான் பொறுப்பாளன். மெழுகுவர்த்தி, இறகுப் பேனா, பொய்க் கால், அட்டைப் பீரங்கி எல்லாம் அவன் கணக்கில் வரும். ஐம்பது வயது. முகத்தில் எப்போதும் மற்றவருக்கு உதவி செய்துவிட்ட களிப்பு. இப்போதும் அந்தக் களிப்பு இருந்தது, ஆனால் ஓரத்தில் லேசாக உரியத் தொடங்கியிருந்தது.

விஷயம் இதுதான். ஹேசலின் கடிகாரம் ஒரு நாளைக்கு ஒரு நொடியில் பத்தில் ஏழு பங்கு பின்தங்கும். அது அதன் கோளாறு அல்ல, அதன் குணம். கடலுக்குப் போகிற கடிகாரம் சரியாக ஓட வேண்டும் என்று கப்பல்காரன் கேட்பதில்லை. தினமும் ஒரே அளவு தப்பாக ஓட வேண்டும், அவ்வளவுதான். தப்பு மாறாமல் இருந்தால் அவன் அதைக் கூட்டிக்கொண்டு தன் கப்பல் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான். பத்தாம் நாள் ஏழு நொடி பின்னால். இருபதாம் நாள் பதினாலு. நேற்று, முப்பத்தொன்பதாம் நாள், இருபத்தேழு. இன்று இருபத்தெட்டு நொடி பின்தங்கியிருக்க வேண்டும். அந்த இருபத்தெட்டு நொடியைத்தான் காணோம்.

கண்ணாடிப் பெட்டியின் பூட்டுவாயில் சிவப்பு அரக்கு முத்திரை இருந்தது. நங்கூரமும் கடிகாரச் சங்கத்தின் பெயரும் பொறித்த முத்திரை. ஹேசல் குனிந்து பார்த்தாள். சங்கத் தலைவர் ப்ரோதரோ தன் கையால் வைத்த முத்திரை கோணலாக, ஒரு பக்கம் வழிந்து, நசுங்கிய தக்காளி மாதிரி இருக்கும். இதுவோ அரண்மனையிலிருந்து வந்த ஓலை மாதிரி அழகாக இருந்தது.

"இது போலி," என்றாள்.

"நல்லா வந்திருக்குல்ல?" என்றான் பாரி, தன்னை மறந்து.

*

ஹேசலுக்குத் தொழில் பல்செட் செய்வது. பிரிட்லிங்டன் ஊரில் எழுபதைத் தாண்டிய யார் சிரித்தாலும் அந்தச் சிரிப்பில் பாதி அவள் கைவேலை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, பல் ராவும் அதே அரத்தால் பித்தளையை ராவி, ஆறு வருஷத்தில் இந்தக் கடற்கடிகாரத்தைச் செய்து முடித்தாள். பிஸ்கட் டின் அளவு. உள்ளே இரண்டு பித்தளைக் குண்டுகள், கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்றின் தப்பை இன்னொன்று சரிக்கட்டி ஆடும்.

செய்து முடித்ததும் வடகடல் கடிகாரச் சங்கத்துக்கு எழுதிப்போட்டாள். சங்கத்தில் நாற்பத்தாறு பேர், நாற்பத்தாறு கழுத்துப்பட்டை. தலைவர் ப்ரோதரோவிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. கொட்டகையில் செய்யும் கடிகாரங்கள் முட்டை வேகவைக்கப் போதுமானவை. கடலுக்குச் சங்கத்தின் சான்றிதழ் வேண்டும். அந்தக் கடிதத்தை அவள் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்தாள்.

சான்றிதழுக்கு விதி எளிமையானது. கடிகாரம் நாற்பத்திரண்டு நாள் தண்ணீரின் மேல் இருக்க வேண்டும். அந்தக் காலத்துப் பாய்க்கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போக எடுத்துக்கொண்ட ஆறு வாரம் அது. பெட்டிக்கு முத்திரை. வெளியே உள்ள துளையில் சாவி கொடுக்கலாம், மற்றபடி யாரும் தொடக் கூடாது. தினமும் நண்பகலில் நேரம் பார்த்து ஏட்டில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கணம் நின்றாலும் சோதனை முடிந்தது.

எல்லாம் சரி, கப்பலுக்கு எங்கே போவது? அப்போதுதான் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள்.

ஆறு பாகத் தொடர். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏழைத் தச்சன் கடலில் பிசகாத கடிகாரத்தைக் கண்டுபிடிக்கிறான். பட்டும் பொய்முடியும் அணிந்த கனவான்கள் அதைத் தொட்டுத் தடவி, கழற்றிப் பார்த்து, அவனை முப்பது வருஷம் அலையவிடுகிறார்கள். அவர்களுக்குப் பழைய மாதிரியில் ஓடுகிற ஒரு கடிகாரம் வேண்டும். ஹேசலுக்கு அலையில் ஆடுகிற ஒரு கப்பல் வேண்டும். வாடகை கிடையாது, கைகுலுக்கல்தான். விரிகுடாவில் நங்கூரமிட்ட மூன்று பாய்மரக் கப்பலில் கடிகாரம் ஆறு வாரம் இருக்கும். படம்பிடிக்க பிளாஸ்டரில் ஒரு பொம்மைக் கடிகாரம் செய்துகொள்வார்கள். அசலை யாரும் தொட மாட்டார்கள். ஏட்டில் இரண்டாவது கையெழுத்துக்குப் பாரி; எண்களுக்கு என்ன அர்த்தம் என்று அவன் கேட்டதில்லை.

அன்றிலிருந்து ஹேசல் தினமும் சாப்பாட்டு நேரத்தில் நண்டுக்காரர் ரெஜ்ஜின் படகில் ஏறி, மார்ச் மாதக் குளிரில் மூக்கு சிவக்க அரை மைல் வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப்போய்ப் பல் ராவினாள். முப்பத்தொன்பது நாள்.

*

"முதல்லேர்ந்து சொல்லு," என்றாள்.

"நேத்து புயல் சீன்," என்றான் பாரி. "டைரக்டருக்கு பிளாஸ்டர் கடிகாரம் பிடிக்கல. பித்தளையில வெளிச்சம் பட்டு மின்னணுமாம். பிளாஸ்டர் மின்னாதுல்ல? அதனால அசலைக் கொண்டான்னார்."

"நீ முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

"சொன்னேனே. வாய்விட்டுச் சொல்லல, மூஞ்சில காட்டினேன். அப்புறம் இமோஜன் வந்துச்சு."

இமோஜன் கன்டினியூட்டி பார்க்கிற பெண். முந்தின ஷாட்டில் தொப்பி இடது பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்த ஷாட்டிலும் அது இடது பக்கமே சாய்ந்திருக்கிறதா என்று கவனிப்பது அவள் வேலை. அவள் உலகத்தில் கடிகாரத்தைப் போல ஒரு எதிரி கிடையாது. பதினோரு தடவை எடுக்கிற காட்சியில் பதினோரு தடவையும் அது வேறு வேறு நேரம் காட்டித் தொலைக்கும். அதனால் படப்பிடிப்பில் கடிகாரம் ஓடக் கூடாது என்பது சட்டம். முள்ளைத் திரைக்கதையில் உள்ள நேரத்துக்கு வைத்து நிறுத்திவிடுவார்கள். உலகத்திலேயே பிசகாத கடிகாரத்தைப் பற்றிய தொடரிலும் சட்டம் சட்டம்தான்.

"சீன்ல மணி ரெண்டு பத்து," என்றான் பாரி. "எடுத்தது ரெண்டுலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும். நான் என்ன பண்ணுவேன்? முத்திரைய வெந்நியில முக்கின கத்தியால பூப்போல எடுத்தேன், அப்படியும் உடைஞ்சுடுச்சு. அந்தக் குண்டுக்கு அடியில துளியூண்டு ஒட்டுப்பசை வெச்சேன். நின்னுடுச்சு. முள்ளை ரெண்டு பத்துக்கு வெச்சேன்."

ஹேசல் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய நாசித் துவாரங்கள் விரிந்தன.

"ஆனா அப்படியே விட்டுட்டுப் போறவன் இல்ல கண்ணு நானு. எல்லாம் முடிஞ்சதும் பசைய எடுத்து, துணியால தொடைச்சு, என் போனைப் பார்த்து கரெக்டா நேரம் வெச்சேன். நொடி உட்பட. நீ வெச்சிருந்தப்ப அரை நிமிஷம் ஸ்லோவா இருந்துச்சு தெரியுமா? பாவம், ஆறு வருஷம் உழைச்சிருக்கா, கடைசி மூணு நாளாவது சரியா இருக்கட்டுமேன்னு நினைச்சேன்."



"ஒண்ணு சொல்றேன், கேளு," என்றாள் ஹேசல். குரல் தாழ்ந்திருந்தது. அவளைத் தெரிந்தவர்கள் அந்தக் குரலைக் கேட்டால் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவார்கள். "இது நிஜக் கப்பல். நடுக்கடல். கேப்டனுக்குத் தெரியும், கடிகாரம் இருபத்தெட்டு நொடி பின்னாடி. தினமும் கூட்டிக்கறான். நேத்து நீ ரகசியமா சரி பண்ணிட்டே. அவனுக்கு அது தெரியாது. இன்னிக்கும் இருபத்தெட்டு கூட்டறான். கப்பல் ஏழு மைல் தள்ளி இருக்கறதா நினைக்கறான். ராத்திரி, பனி. அந்த ஏழு மைல்ல பாறை. எத்தனை பேர் செத்தாங்க?"

பாரி யோசித்தான். "சமையல்காரனையும் சேர்த்தா?"

*

மேல்தளத்தில் இயக்குநர் ஃபேர்கிளஃப் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது, விலை உயர்ந்த கிழிந்த கம்பளிச் சட்டை. பக்கத்தில் தச்சனாக நடிக்கும் டொமினிக் வேல், பொய்முடியின் மேல் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு தேநீர் குடித்தான். ஹேசல் ஏணியில் ஏறி வந்த வேகத்தைப் பார்த்து இமோஜன் தன் குறிப்பேட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என் கடிகாரத்தை நிறுத்தச் சொன்னது நீங்களா?"

"ஹேசல்," என்றான் ஃபேர்கிளஃப், வாயில் ரொட்டியோடு. "நேத்து எடுத்த ரஷ் பார்த்தீங்களா? அந்தப் பித்தளை! அழகுன்னா அழகு."

"நாற்பது நாள். உங்களோட ஒரே ஒரு ஒப்பந்தம். தொடக் கூடாது. அதுல எந்த வார்த்தை புரியல?"

"உங்க கோபம் எனக்குப் புரியுது. நிஜமாவே புரியுது." அவன் கையை நெஞ்சில் வைத்தான். ரொட்டி சட்டையில் பட்டது. "யோசிச்சுப் பாருங்க, இந்தத் தொடரே அதைப் பத்தித்தானே. ஒரு சாதாரண மனுஷனோட உழைப்பை மேல இருக்கறவன் மதிக்கறதில்ல. எனக்கு அது பர்சனலாவே ரொம்ப முக்கியமான விஷயம்."

"அப்ப ஏன் தொட்டீங்க?"

"வெளிச்சம் போயிட்டிருந்துச்சு."

இதைவிடப் பெரிய காரணம் உலகத்தில் இருக்க முடியாது என்பது போலச் சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். இமோஜன் மட்டும் மெல்லச் சொன்னாள்: "ரெண்டு பத்து இல்லாட்டி பார்க்கறவங்க கடிதம் போடுவாங்க மேடம். நீங்க நம்ப மாட்டீங்க. அதுக்குன்னே உட்கார்ந்து பார்ப்பாங்க."

"அதுல ஒருத்தி நான்," என்றாள் ஹேசல். "நீங்க போட்டுக் காட்டின முதல் பாகத்துல சுவர்க்கடிகாரம் நாலு சீன்ல நாலே காலைத் தாண்டல. அந்த வீட்டுல சாயங்காலமே வராதா? பல்லு கட்டறவதானே, இவளுக்கு என்ன தெரியப் போவுதுன்னு நினைச்சீங்க. தொட்டது யாருன்னு நான் கேட்கணும், நீங்க ரொட்டி தின்னுட்டே எனக்கு தீம் சொல்லணும். முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்தவனுக்காக அழறீங்க. உசிரோட நிக்கறவளோட கடிகாரத்துல ஒட்டுப்பசைய வெக்கறீங்க."

டொமினிக் வேல் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"மன்னிக்கணும்," என்றான் மிக மரியாதையாக. "அந்த 'தொட்டது யாரு' மட்டும் இன்னொரு தடவை சொல்ல முடியுமா? மூக்கு விரிஞ்சுது பாருங்க, அது பிரமாதம். வெள்ளிக்கிழமை எனக்குக் கோபக் காட்சி இருக்கு. மூணு நாளா எனக்கு வரவே மாட்டேங்குது."

ஹேசல் அவனைப் பார்த்த பார்வையில் பொய்முடி தீப்பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அவன் அந்தப் பார்வையையும் மனதில் குறித்துக்கொண்டான்.

*

அவள் கீழே வந்து ஏட்டைத் திறந்தாள். நாள் நாற்பது. வரி காலியாக இருந்தது.

பாரி ஒரு தட்டில் இஞ்சி பிஸ்கட்டோடு வந்து வாசலில் நின்றான். அவன்மேல் கோபத்தைக் கட்டிக் காப்பது ஈரச் சோப்பைக் கையில் பிடிப்பது போல இருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் கோபமாக வந்தது.

"ஒரு யோசனை," என்றான். "இருபத்தெட்டு நொடிதானே? நிறுத்தி, இருபத்தெட்டு எண்ணி, விட்டுடறேன். எத்தனை வேணும்னு நீ சொல்லு, வெச்சுத் தரேன். முத்திரைய நீயே பார்த்தே. வேணும்னா அந்த ஆள் வெச்ச மாதிரியே அசிங்கமாவும் பண்ணித் தரேன். கையெழுத்து நானும்தான் போடறேன். நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை அந்த ப்ரோதரோ வருவார், சான்றிதழைத் தருவார், முட்டைக் கடிதத்தைக் கிழிச்சுப் போடுவே."

ஹேசல் உடனே பதில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கே எரிச்சல். உடனே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மனது கணக்குப் போட்டது. பாரி தொடாமல் இருந்திருந்தால் கடிகாரம் இன்று இருபத்தெட்டுதான் காட்டியிருக்கும். அவள் எழுதப்போவது பொய் அல்ல, நடந்திருக்க வேண்டிய உண்மை. திருடு போன பணப்பையைத் திருடனிடமிருந்தே திரும்ப எடுப்பது போல. பேனாவைக்கூட எடுத்துவிட்டாள்.

பிறகு அந்த மூன்று மணி நேரம் குறுக்கே வந்து நின்றது. நேற்று இரண்டிலிருந்து ஐந்து வரை காற்று நன்றாக அடித்தது. பல் கூடத்தின் ஜன்னல் படபடத்தது அவளுக்கு நினைவிருந்தது. நாற்பது நாளில் கடல் உருப்படியாக ஆடிய ஒரே மதியம். அந்த ஆட்டத்தில் கடிகாரம் என்ன செய்திருக்கும்? வழக்கம்போலப் போயிருக்கலாம். மூன்று நொடி துள்ளியிருக்கலாம். தெரியாது. யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அதை இங்கே கொண்டுவந்தாள். அந்த நேரம் முழுவதும் அது வாயில் பசையோடு, இரண்டு பத்து என்று பொய் சொல்லிக்கொண்டு, கேமராவுக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"எழுதறேன்," என்றாள். "நீயும் கையெழுத்துப் போடற."

நாள் நாற்பது. செவ்வாய் மதியம் இரண்டு மணிக்குக் கையால் நிறுத்தப்பட்டது. ஐந்து மணிக்குத் தொலைபேசியைப் பார்த்து நேரம் வைக்கப்பட்டது. முத்திரை போலி. பேனா அழுந்தியதில் எழுத்து அடுத்த மூன்று பக்கத்திலும் தெரிந்தது.

பாரி படித்துப் பார்த்தான். முகத்தில் களிப்பு முழுவதும் உரிந்துவிட்டிருந்தது. கீழே தன் பெயரை எழுதினான், ராஜாங்க உத்தரவுகளுக்குப் போட்டுப் பழகிய சுழிகளோடு.

*

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு ப்ரோதரோ வந்தார். பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டு, கழுத்துப்பட்டை, கக்கத்தில் காகிதம் சுற்றிய சட்டம். சான்றிதழை ஏற்கெனவே எழுதிக் கண்ணாடி போட்டே கொண்டுவந்திருந்தார். ஹேசல் பர்க்கின்ஷா என்ற பெயர் தங்க எழுத்தில் இருந்தது.

அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அறையில் உட்கார்ந்து, முகம் கொஞ்சம் பச்சையாக, தொண்டையைச் செருமினார்.

"மிஸ் பர்க்கின்ஷா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். வாரா வாரம் நீங்க அனுப்பின ஏட்டுப் பிரதிகளைப் பார்த்தேன். முப்பத்தஞ்சு நாள், ஒரே கோடு. நாற்பது வருஷத்துல நான் அந்த மாதிரி கோடு பார்த்ததில்ல. அந்த முட்டை விஷயம்... நான் எழுதியிருக்கக் கூடாது. தப்பு என்னுது. சங்கத்துக் கூட்டத்துலயும் சொல்லிட்டேன்."

தினமும் காலையில், பல் தேய்க்கும்போதெல்லாம், அவள் கேட்க விரும்பிய வார்த்தைகள். கேட்டாயிற்று. ஹேசல் ஏட்டைத் திறந்து அவர் முன்னால் தள்ளினாள். 

ப்ரோதரோ நாற்பதாம் நாளைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார்.

"இதை ஏன் எழுதினீங்க?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். "எழுதாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அது தெரியும். ரெண்டு நாளா அதை நினைச்சாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது."

அவர் சட்டத்தை மெதுவாகக் காகிதத்தில் திரும்பச் சுற்றினார். "ஒன்பதாவது விதி. நின்னா முடிஞ்சது. நான் ஒண்ணும் பண்றதுக்கில்ல." சுற்றி முடித்ததும் அவர் முகத்தில் பழைய ப்ரோதரோ மெல்ல வந்து உட்கார்ந்தார். அங்கே அவருக்கு வசதியாக இருந்தது போலும். "ஆனா உங்க நேர்மை பாராட்டத்தக்கது. சங்கத்தோட செய்திமடல்ல ஒரு பத்தி போடலாம். ஒரு பங்கேற்புச் சான்றிதழும்..."

"நேர்மைக்கு எதுவும் வேண்டாம்," என்றாள் ஹேசல். "அது ஓசி. பேனா இருந்தா போதும். கடிகாரத்துக்கு ஆறு வருஷம். நீங்க நேர்மைக்குப் பத்தி எழுதுவீங்க, கடிகாரத்துக்கு முட்டை கொடுப்பீங்க. தப்பு பண்ணினவன் மேல்தளத்துல ரொட்டி தின்னுட்டிருக்கான், அவனுக்கு ஒன்பதாவது விதி கிடையாது, பத்தாவது விதி கிடையாது..."

ஒரு பையன் கதவைத் திறந்து தலையை நீட்டினான். உதட்டில் விரலை வைத்தான். "ஷூட்டிங் போகுது மேடம். சத்தம் ரெக்கார்டு ஆகுது."

திறந்த கதவின் வழியே அடுத்த அறை தெரிந்தது. பட்டுக் கோட்டு அணிந்த கனவான்கள் ஐந்து பேர் மேசை பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தச்சன் டொமினிக் வேல் நின்றான். இடது கை இடுப்பில். தாழ்ந்த குரல். நாசித் துவாரங்கள் விரிந்தன.

"தொட்டது யார்?" என்றான்.

அப்படியே ஹேசல். தலையைச் சாய்த்த கோணம்கூட. அவளுடைய கோபத்தை ரொட்டித் துண்டும் குளிரும் இல்லாமல், நல்ல வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். கனவான்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வசனம் முடிந்தது. "கட்," என்றான் ஃபேர்கிளஃப், குரல் தழுதழுக்க. எல்லாரும் கைதட்டினார்கள். ஒப்பனைக்காரப் பெண் கண்ணைத் துடைத்தாள். ப்ரோதரோவும் தன்னையறியாமல் இரண்டு தட்டு தட்டிவிட்டார்.

"அற்புதம்," என்றார். "எவ்வளவு நியாயமான கோபம்."

ஹேசல் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ப்ரோதரோ கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உங்க முத்திரை அந்தப் பையில இருக்கா?" என்றாள்.

"சான்றிதழுக்குக் கொண்டுவந்தேன். ஏன்?"

"எடுங்க. அரக்கும். இந்தப் போலிய உரிச்சுட்டு உங்க முத்திரைய வைங்க. இன்னிலேர்ந்து முதல் நாள். எந்த விதியாவது ரெண்டாவது தடவை கூடாதுங்குதா?"

அவர் மனதுக்குள் விதிகளை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்தார். இல்லை. நண்பகல் பீப் வந்தது, நேரம் குறித்தார்கள், அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். கப்பல் ஆட, விரலைச் சுட்டுக்கொண்டார். ஹேசல் அதற்காக வருத்தப்படவில்லை.

ஏட்டில் மை காய்வதற்குள் இமோஜன் உள்ளே வந்தாள். பின்னால் பாரி.

"கடைசி க்ளோசப்," என்றாள் இமோஜன், தரையைப் பார்த்துக்கொண்டு. "தச்சன் ஜெயிக்கறது. கடிகாரம் மட்டும். பத்து மணி பத்து நிமிஷம் வேணும். அஞ்சே நிமிஷம் மேடம். பாரி, எடு."

பாரி எடுக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் தொடல," என்றான். "இந்தத் தடவை வாய்விட்டே சொல்றேன்."

ஹேசல் பெட்டியின் இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் பிடித்துத் தூக்கினாள். குண்டுகள் உள்ளே தங்கள் பாட்டுக்கு ஆடின. தூக்குவதும் நடப்பதும் அவற்றுக்குப் பொருட்டே இல்லை. அதற்காகத்தானே ஆறு வருஷம். மேல்தளத்துக்குப் போக அடுத்த அறை வழியாகத்தான் வழி. அங்கே விளக்குகள் எரிந்தன, கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கனவான்கள் ஐந்து பேரும் தச்சனின் முன்னால் தலைகுனிந்து தங்கள் தவறை ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஹேசல் ரப்பர் பூட்சும் ஆரஞ்சு மழைக்கோட்டுமாக அவர்களுக்கு நடுவே, மேசையை ஒட்டி, நிதானமாக நடந்தாள்.

"ஹேசல்! அது அடுத்த ஷாட்ல இருக்கு!" என்று கத்தினான் ஃபேர்கிளஃப்.

"இருந்துச்சு," என்றாள் ஹேசல்.

ஃபேர்கிளஃப் தளம் வரை பின்னால் ஓடிவந்தான். வெளிச்சம் போகிறது என்றான். இந்தத் தொடர் எத்தனை பேரின் உழைப்பு தெரியுமா என்றான். அவள் கயிற்றேணியில் இறங்குவதற்கு முன் ஒருமுறை நின்று சொன்னாள்: "பிளாஸ்டர் ஒண்ணு இருக்குமே. அதுல எப்பவும் பத்து பத்துதான். கன்டினியூட்டிக்கு ரொம்ப நல்லது."

கீழே படகில் ரெஜ் நின்று பெட்டியை வாங்கிக்கொண்டார். ஒன்றும் கேட்காமல் கயிற்றை அவிழ்த்தார். அறுபது வயதில் பேச்சைவிட நண்டு முக்கியம் என்று கண்டுகொண்டவர். ஹேசல் இறங்கி உட்கார்ந்தாள்.  

"கரைக்குத்தானே?" என்றார் ரெஜ்.

"இல்ல. நீங்க கூடை போட்டிருக்கற இடத்துக்கு."

"நண்டு எடுக்கவா வரீங்க?"

"இன்னிக்கு மட்டும்தான் நான். இது தினமும் வரும். நாற்பத்திரண்டு நாள் உங்க படகுல இருக்கட்டும். தினமும் பன்னண்டு மணிக்கு நான் வந்து பார்ப்பேன், நீங்க ஒரு கையெழுத்துப் போடணும். வேற ஒண்ணும் இல்ல. தொடக் கூடாது."

ரெஜ் எஞ்சினைத் தட்டிக் கிளப்பினார். படகு திரும்பி முதல் பெரிய அலையில் மூக்கைக் குத்தி எழுந்தது. பெட்டிக்குள் குண்டுகள் எதிரெதிரே ஆடின.

"ஞாயித்துக்கிழமை நான் கடலுக்குப் போறதில்ல," என்றார்.

"படகு தண்ணியிலதானே கிடக்கும்?"

"அது கிடக்கும்."

"போதும்."

"இரை வாளிக்கிட்ட மட்டும் வெக்காதீங்க. அந்த நாத்தம் ஏறினா போகாது."

ஹேசல் பெட்டியை இழுத்துத் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். பின்னால் கப்பலிலிருந்து யாரோ ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. ரெஜ் திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் முகத்தையும் பார்த்தார்.

"இவ்வளவு கோபம் யார் மேல?"

"வரிசையா சொல்லணும்."

"கூடை கிடக்கற இடத்துக்கு முக்கால் மணி ஆகும்," என்றார் ரெஜ்.

"முதல்ல அந்த டைரக்டர்," என்று ஆரம்பித்தாள் ஹேசல்.